ஈப்போவில் விரித்த இலை

உள்ளறையிலிருந்து அழுகுரல் கிளம்பியபோது சரோஜா இலையில் கூட்டு வைத்துக்கொண்டிருந்தாள். முனகலாகத் தொடங்கி, மெல்ல ராகம் கட்டி, கடைசியில் கூரையையே பிடித்து உலுக்குவதுபோல் எழுந்தது அந்த ஒப்பாரி. சாப்பிட உட்கார்ந்திருந்த பத்மஜா கண்ணருகே பிடித்திருந்த கேமராவை இறக்கினாள்.

"யாராவது தவறிட்டாங்களா?"

"இன்னும் இல்லீங்க. நாளைக்குத்தான்."

சொன்ன பிறகுதான் அந்தப் பதிலின் விபரீதம் சரோஜாவுக்கே உறைத்தது. பேச்சை மாற்றினாள். "சோறு ஆறுது பாருங்க. படம் மட்டும் சூடா வந்து என்ன புண்ணியம்?"

செங்கம் சாலையில், ஆசிரமத்துக்குச் சற்றுத் தள்ளி ஒரு சந்துக்குள் இருந்தது அந்த மெஸ். முன்னறையில் மூன்று கடப்பைக்கல் மேசைகள், பின்னால் வீடு. வெள்ளைக்காரர்கள் இலையைப் படம் பிடிப்பது சரோஜாவுக்குப் பழகிப்போன வேடிக்கை. ஆனால் பத்மஜா சென்னைக்காரி. ஊர் ஊராக, நாடு நாடாகப் போய்ச் சாப்பிட்டு, படத்தோடு பத்திரிகைக்கு எழுதுகிறவள். இந்த வாரம் முழுக்க மதியச் சாப்பாடு அவளுக்கு இங்கேதான். மறுநாள் வீட்டில் காரியம் என்பதால் சரோஜா மற்றவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டு, இவளுக்கு மட்டும் இலை போட்டிருந்தாள்.

என்ன காரியம்? உயிர் போனதை ஒருவரும் பார்க்காத சாவுக்கான காரியம்.

கீழ்பென்னாத்தூரில் பிறந்த சரோஜா, இந்த மெஸ்ஸுக்கு மருமகளாக வந்த இரண்டாம் வருஷம், தொண்ணூறாம் ஆண்டு, புருஷன் வேணு மலேசியாவுக்கு வேலைக்குப் போனான். ஆறு மாதம் கடிதம் வந்தது. பிறகு ஒன்றுமில்லை. தேடிப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். அன்றிலிருந்து அடுப்பைத் தன் தலையில் ஏற்றிக்கொண்டாள் சரோஜா. பொட்டழிக்கச் சொன்னவர்களிடமெல்லாம், "அவரு இருக்காரு, என் மனசுக்குத் தெரியும்" என்ற ஒரே பதிலைச் சொன்னாள். பாவி மகள், அந்தப் பதிலைச் சோறாகத் தின்று உயிர் வளர்த்தாள்.

பன்னிரண்டு வருஷம் சேதி இல்லாதவன் செத்தவன் என்பது வழக்கம். புல்லால் ஆள் உருவம் கட்டி, அதற்குக் கொள்ளி வைத்து, கருமாதி செய்து, பெண்டாட்டியின் தாலியை இறக்கிவிட வேண்டும். அதைச் செய்யாமல் வைத்திருப்பதால்தான் வேணுவின் தங்கை எழிலரசிக்கு வரன் தட்டிப்போகிறது என்று ஜோசியர் சொல்லிவிட, மாமியார் சந்திரம்மாள் மனசைக் கல்லாக்கிக்கொண்டு நாள் குறித்தாள். அந்தக் கல்தான் இப்போது உள்ளே உருகிக்கொண்டிருந்தது.

சரோஜா ரசம் கொண்டுவந்தாள். அந்த மேசைகள் சாப்பிடுகிறவர் பக்கமாகச் சரிந்தவை. ரசம் ஓடி மடியில் விழாமலிருக்க, இலையின் கீழ் விளிம்புக்கு அடியில் ஒரு வாழைமட்டைத் துண்டை முட்டுக் கொடுப்பது அந்த வீட்டுப் பழக்கம். வேணு கண்டுபிடித்த வித்தை அது.

பத்மஜா அந்த மட்டையைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தாள். "இதை இன்னொரு இடத்துல பார்த்திருக்கேன். என்ன கூத்துன்னா, அங்கே மேசை சமமா இருந்துச்சு. எதுக்குய்யா மட்டைன்னு கேட்டேன். கை பழகிடுச்சுன்னாரு அந்த ஆளு."

சரோஜாவின் கையில் ரசக் கரண்டி நின்றது. "எந்த ஊருங்க?"

"மலேசியா. ஈப்போ." பத்மஜா பையிலிருந்து ஆல்பத்தை எடுத்துப் புரட்டினாள். பாங்காக் நூடுல்ஸும் ஹனோய்க் கஞ்சியும் நகர்ந்து போயின. "இதோ."

ஒரு வாழை இலை. அதன் கீழே மட்டை. அடுத்த படத்தில் சாம்பார் ஊற்றும் ஒரு கை. கட்டைவிரலுக்குக் கீழே பிறைபோல ஒரு தீத்தழும்பு. தலைதீபாவளியன்று வடைச் சட்டியின் எண்ணெய் தெறித்த இடம். அதில் தேன் தடவி, ஊதி ஊதி ஆற்றியவள் சரோஜா.

மூன்றாவது படத்தில், இலையிலிருந்த அப்பளத்தைத் திருட நீண்டிருந்தது வளையல் போட்ட ஒரு பிஞ்சுக் கை.

"அவரு பொண்ணு. சரியான வாலு" என்றாள் பத்மஜா, ஒன்றும் அறியாமல். "பொண்டாட்டியும் அங்கேயேதான் சமைக்கிறா. நீங்க எந்த ஊருன்னு கேட்டேன். எனக்கு ஊர்ல யாரும் இல்லீங்கன்னுட்டாரு."

யாரும் இல்லை. சரோஜா கரண்டியை ரசப் பாத்திரத்துக்குள் போட்டாள். தெய்வமே, இருக்கிறார் என்று அவள் மனசு சொன்னதெல்லாம் சத்தியம். அந்தச் சத்தியம் இப்படியா வந்து நிற்க வேண்டும்? வாயை மூடிக்கொண்டால் நாளைக்கு எல்லாம் முடிந்துவிடும். எவருக்கும் தெரியாது. ஆனால் உள்ளே ஒருத்தி, உயிரோடிருக்கும் பிள்ளைக்குக் கொள்ளி வைக்கப் போகிறோம் என்று தெரியாமல் அழுதுகொண்டிருக்கிறாள்.

"அத்தை, இங்க வாங்க."

சந்திரம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி வந்தாள். "என்னாடி, அழக்கூட வுட மாட்டியா?"

"உங்க புள்ள இருக்காரு. பாருங்க."

கிழவி படத்தைக் கண்ணோடு ஒட்டிப் பார்த்தாள். தழும்பைத் தடவினாள். பிறகு, "ஒல்லியா பூட்டானா?" என்று பத்மஜாவைக் கேட்டாள். விஷயம் புரிந்துபோன பத்மஜா இல்லையென்று தலையை அசைத்தாள்.

"இது யாரு கை?"

"உங்க பேத்தி" என்றாள் சரோஜா.

சந்திரம்மாள் அந்தப் பிஞ்சுக் கையை முத்தமிட்டாள். மறுபடி மறுபடி முத்தமிட்டாள். பிள்ளையில்லாத சரோஜா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவளுக்குள் ஏதோ ஒன்று அப்போதுதான் செத்தது.

"காரியத்த நிறுத்திடலாம்டி. நீ சுமங்கலி. அந்த அண்ணாமலையாரு உன் தாலிய காப்பாத்திட்டாரு."

"காரியத்த நிறுத்திக்கலாம் அத்தை. தாலிய நான் கழட்டிடுறேன்."

"அடிப்பாவி, புருஷன் உசிரோட இருக்கச்சே எவளாவது கழட்டுவாளா?"

"எங்கியோ கஷ்டப்படுறாருனு நெனைச்சுதான் இத்தினி வருஷம் சுமந்தேன். நல்லாத்தான் இருக்காரு. இனிமே என்னாத்துக்கு?"

மஞ்சள் சரட்டைத் தலைவழியே எடுத்து மாமியாரின் கையில் வைத்தாள். சந்திரம்மாள் ஒரு கையில் தாலி, மறுகையில் ஆல்பம் என்று உட்கார்ந்துவிட்டாள்.

பத்மஜா பாதிச் சாப்பாட்டில் எழுந்து கைகழுவினாள். அந்த மூன்று படங்களை மட்டும் உருவி மேசைமேல் வைத்தாள்.

"நான் வராமலே இருந்திருக்கலாம்" என்றாள் வாசலில்.

"அப்படிச் சொல்லாதீங்க. மோர் ஊத்துறதுக்குள்ள எழுந்துட்டீங்களே, அதுதான் கஷ்டமா இருக்கு."

"அந்த ஊருக்கு மறுபடி போவேன். அவரைப் பார்த்தா என்ன சொல்லட்டும்?"

சரோஜா யோசித்தாள். நெஞ்சுக்கு நேரே கை தானாகப் போய், அங்கே ஒன்றும் இல்லாமல் கீழே இறங்கியது.

"அம்மா அழுதாங்கனு சொல்லுங்க. என்னைப் பத்திக் கேக்க மாட்டாரு."

பத்மஜா செருப்பை மாட்டிக்கொண்டு சந்தில் இறங்கி நடந்தாள். அவள் சாலை முனையில் திரும்பும்வரை நின்றிருந்த சரோஜா, கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள்.