மண்ணெண்ணெய் மணக்கும் டூபா

போன வாரம் தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் மீன் வாங்க நின்றபோது யாரோ எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். வாடை மூக்கில் ஏறியதும் வாங்க வந்த மீன் மறந்துபோயிற்று. உங்களுக்கு மண்ணெண்ணெய் என்றால் அடுப்பு ஞாபகம் வரலாம். எனக்கு டூபாதான் வரும். பேண்டு செட்டில் ஒருவன் குழந்தையைப் போலக் கட்டிப்பிடித்து ஊதுவானே, அடியில் உறுமுகிற அந்தப் பெரிய பித்தளைக் குழல்.

சுனாமிக்கு இரண்டு மூன்று வருடம் கழித்து என்று நினைக்கிறேன். குலசேகரத்தில் ஒரு ரேடியேட்டர் கடையில் வேலை பார்த்தேன். ரப்பர்த்தடி ஏற்றும் லாரிகளின் ரேடியேட்டர் ஒழுக்கை ஈயம் வைத்து அடைப்பதுதான் தொழில். கடற்கரையில் இருக்கும் எங்கள் ஊரில் கோயில் பேண்டு செட்டில் டிரம் அடிப்பேன். செட்டின் டூபா உப்புக்காற்றில் அரித்துப்போனதும் திருவிழாக் கமிட்டி கறாராகச் சொல்லிவிட்டது: டூபா இல்லாவிட்டால் தேர் பவனிக்கு வெளியூர் செட். எங்கள் புனிதருக்கு முன்னால் வேறு ஊர்க்காரன் கொட்டடிப்பதா? மானம் போய்விடும் என்று பயந்தோம்.

புதிது வாங்க வழியில்லை. கூட்டாளி பெஞ்சமின் உதிரியாகச் சேர்க்கத் தொடங்கினான். நாகர்கோவிலில் உடைந்து கிடந்த ஏதோ குழலிலிருந்து வால்வுகள், பிளம்பரிடமிருந்து பித்தளைக் குழாய். கடைசியில் பழைய வலையில் சுற்றி, பூ விரிந்த மாதிரி இருக்கும் டூபாவின் பெரிய வாயையே கொண்டுவந்தான்.

"எங்கேருந்துலே?"

"ஆக்கர் கடையிலேருந்து மக்கா."

ஆக்கர் கடை என்றால் எங்கள் பக்கம் பழைய இரும்புக் கடை. எனக்கோ பிறவியிலேயே சந்தேகப் புத்தி. தேங்காயைக்கூட இரண்டு தடவை தட்டிப் பார்த்துத்தான் வாங்குவேன். கடைக்கே போய்க் கேட்டேன்.

"இஞ்ச அப்பிடியொண்ணு வரல்லியே" என்றார் கடைக்காரர்.

வாயைப் புளி போட்டுத் தேய்த்தபோது விளிம்பில் பல்லால் கடித்த மாதிரி ஒரு மடிப்பு தெரிந்தது. ஆறு கடலில் சேரும் பொழிமுகத்துக்கு அக்கரையில் இருக்கும் ஊரின் செட்டில் அந்த மடிப்பைப் பார்த்திருக்கிறேன். வலை அறுத்த தகராறிலிருந்து இரண்டு ஊருக்கும் பேச்சில்லை, பெண் எடுப்பு கொடுப்பு இல்லை. இது திருட்டு உருப்படியாக இருந்து தேருக்கு முன்னால் போனால் துடுப்பும் கல்லும்தான் பேசும்.

ஆனாலும் பற்றவைத்தேன். கை அரிக்கிறதே, என்ன செய்ய? சைக்கிள் டியூபைப் போலத் தண்ணீர் டிரம்மில் முக்கி, குமிழி வந்த இடமெல்லாம் ஈயம் வைத்தேன். ஈயம் நிற்காத இடத்தில் வள்ளத்துக்குப் பூசும் ஃபைபர் பசை. வால்வுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டோம், எங்கள் ஊரில் எதற்கும் அதுதானே மருந்து. பசைபிடித்து இறுகிவிட்டது. பிறகு மண்ணெண்ணெய் விட்டதும் வழுக்கிக்கொண்டு இறங்கியது. பெஞ்சமின் ஊதினான், எருமை முனகியது, நாங்கள் குதித்தோம். குதிக்கும்போதும் அவன் முகத்தை நான் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

திருவிழாவன்று கூட்டத்தில் ஒவ்வொரு முகமாக வேவு பார்த்தபடி டிரம் அடித்தேன். தேர் நின்ற இடத்தில், தலையில் வெள்ளைத் துண்டு போட்ட ஒரு பெண் நேராக வந்து டூபாவின் விளிம்பைத் தொட்டாள். அக்கரைக்காரி, மீன் சந்தையில் பார்த்த முகம். என் கை நின்றுவிட்டது.

"எனக்க மாப்பிள ஊதினது. கடலுக்குப் போயி திரும்பல்ல" என்றாள் மெதுவாக. "நாந்தான் இவனுக்குக் குடுத்தேன். நீ ஆக்கர் கடையில கேட்டது அக்கரை வரைக்கும் வந்தாச்சு. எங்க ஊருக்குத் தெரிஞ்சா என்னத் தள்ளி வச்சிருவாவ. இனி யாருட்டயும் விசாரிக்காத மக்கா."

பெஞ்சமின் தலையைக் குனிந்துகொண்டான். அவள் அவனிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"தேரு கடப்புறத்துக்கு வரும்போ எங்க பக்கமா திருப்பி ஒருக்கா ஊது. நான் முற்றத்தில நிப்பேன்."

ஊதினான். வருடாவருடம் ஊதினான். எங்கள் ஊர்க்காரர்கள் அக்கரையைச் சீண்டுகிறான் என்று நினைத்து விசிலடித்தார்கள். "ஊதுலே பெஞ்சமினே, அவனுவ காது கிழியட்டும்!" அவர்கள் அப்படியே நினைக்கட்டும் என்று நாங்கள் விட்டுவிட்டோம்.

பிறகு சமாதானம் ஆயிற்று, பாலம் வந்தது. தேருக்கு முன்னால் கேரளத்துச் செண்டை வந்தது. செட்டில் பாதிப் பேர் கல்ஃபுக்குப் போனார்கள், பெஞ்சமினும்தான். அவன் லீவில் வந்தபோது, உருப்படியை அவளிடமே கொடுத்துவிடலாம் என்று டூபாவைப் பைக்கில் கட்டிக்கொண்டு பாலம் தாண்டினோம். அவள் வீடு இருந்த வரிசையே இல்லை. கடல் எடுத்த இடத்தில் பாறாங்கல் கொட்டியிருந்தார்கள்.

வலை பின்னிக்கொண்டிருந்தவரிடம் கேட்டோம்.

"அவளா? வீடு போன பெறவு எங்கயோ போனா. ஆருக்குத் தெரியும்?" டூபாவை ஏற இறங்கப் பார்த்தார். "பாவம். அவளுக்க வீட்டப் பாத்து ஊதித்தான் உங்க ஆளுவ வருசாவருசம் சீண்டுவாவ. நாங்க கல்லெடுத்தோண்டு ஓடுவோம். அவதான் கையை விரிச்சோண்டு குறுக்க வந்து நிப்பா, ஒருத்தனையும் எறிய விடமாட்டா."

நான் பெஞ்சமினைப் பார்த்தேன். பகைதான் போய்விட்டதே, அவள்தான் டூபாவைக் கொடுத்து ஊதச் சொன்னாள் என்று இனி சொன்னால் அவளை யாரும் ஒன்றும் செய்யப்போவதில்லை. ஆனாலும் அவள் கடைசிவரை மறைத்ததை அவள் இல்லாத இடத்தில் சொல்ல எங்கள் இரண்டு பேருக்கும் மனம் வரவில்லை. டூபாவைத் திரும்பக் கட்டிக்கொண்டு வந்துவிட்டோம்.