இந்தியாவுக்குக் குறுக்குவழி

இலங்கை மலைநாட்டில் எங்கள் நாவலப்பிட்டி ஸ்டேஷனுக்கு அடியில் ஒரு வழி இருக்கிறது, அது நேராக ராமேஸ்வரத்துக்குப் போகிறது என்று ஐந்தாம் வகுப்பு வரை நம்பியவன் நான். பூகோளத்தில் எனக்குக் கிடைத்த புள்ளிகளுக்கு அதுவும் ஒரு காரணம். மீதிக் காரணம் என் மூளை.

சொன்னவர் மாமா, அம்மாவின் தம்பி. ஸ்டேஷனில் மூட்டை தூக்குவார். பிளாட்பாரம் முடிகிற இடத்தில், தண்ணீர்த் தாங்கிக்குக் கீழே, இடுப்புயரத்துக்கு ஒரு இரும்புக் கதவு. உள்ளே வெள்ளைக்காரன் காலத்துச் செங்கல் வளைவுகள் ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக இருட்டுக்குள் போகும். மேலே தண்டவாளத்தில் கோச்சி வந்து நின்றால் கூரை பெருமூச்சு விடும். விரிசலில் இறங்கும் வெளிச்சத்தில் கரித்தூள், தண்ணீருக்குள் போல, மெதுவாக மிதக்கும். அங்கே பேசினால் என் குரல் வேறு யாருடையதோ போல இருக்கும்.

"இப்படியே போனா இந்தியாடா. டிக்கட்டும் வேணாம், பாஸ்போட்டும் வேணாம்" என்றார் மாமா.

தோட்டத்து ஆட்களைப் பங்குபோட இரண்டு அரசாங்கங்களும் செய்த ஒப்பந்தப்படி தாத்தாவுக்கும் மாமாவுக்கும் இந்தியா போகப் பாஸ்போர்ட் வந்திருந்த நேரம் அது. அப்பாவுக்கு இங்கே பிரஜாவுரிமை, அதனால் நாங்கள் இருப்போம். மாமாவுக்குப் போக மனமில்லை.

"நான் பொறந்தது இங்க. அங்க ஒரு நாய்கூட எனக்குப் பழக்கமில்ல."

"நீ வராம நான் கோச்சி ஏற மாட்டேன்" என்பார் தாத்தா. ஏறாவிட்டால் திரும்பிப் போக இடமில்லை. அவர்கள் குடியிருந்த தோட்டத்து லயத்துக் காம்பிராவை வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்கள்.

புறப்படும் நாள் ஸ்டேஷன் முழுக்க ஒப்பாரி. கோச்சிக்குள் இருந்தவர்களும் வெளியே நின்றவர்களும் ஜன்னல் வழியாகக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அந்த நேரம் பார்த்து மாமாவைக் காணோம். அம்மா பிளாட்பாரம் எங்கும் ஓடினாள். கார்ட் விசில் ஊதினார். தாத்தா ஏறாமல் நின்றார்.

மாமா இரும்புக் கதவுக்குள் குனிந்து போனதை நான் பார்த்திருந்தேன். கேட்காமலே அறிவை வழங்கும் பழக்கம் எனக்கு அப்போதே உண்டு.

"தாத்தா, மாமா முன்னாலேயே இந்தியாவுக்குப் போயிட்டாரு. கீழ் வழியா."

அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். தாத்தா அவள் கையைப் பிடித்துக்கொண்டு அந்தக் கதவையே பார்த்தார்.

"போயிட்டானா. சரி. நல்லா இருக்கட்டும்."

தோளில் கிடந்த கம்பளியை எடுத்து என் கையில் வைத்தார்.

"இத அவன்கிட்ட குடுத்துடு சாமி. அவன் போன எடம் குளிரும்."

ஏறிக்கொண்டார். கோச்சி நகர்ந்தது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இந்தியாவில் வெயில் கொளுத்தும் என்பது லயத்தில் தவழும் பிள்ளைக்கும் தெரியும். அந்த ஊருக்கே குடிபோகிற மனிதருக்குத் தெரியவில்லையே.