அத்தான் பக்கம் சாய்ந்த படகு

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள். இது என் அக்காவுக்கு நடந்தது. அக்கா கதை கட்டுகிற ஆள் இல்லை. கோபம் வந்துவிட்டால் உண்மையைத் தவிர வேறெதுவும் அவள் வாயில் வராது.

கல்யாணமான புதிது. அக்காவும் அத்தானும் வெளிநாட்டுக்குச் சுற்றிப்பார்க்கப் போயிருந்தார்கள். அத்தான் லட்சணமாக இருப்பார். அதில் அக்காவுக்குப் பெருமை பாதி, வயிற்றெரிச்சல் பாதி. விடுதியில் காபி கொண்டுவந்த பெண் அவரைப் பார்த்துச் சிரித்ததற்கே ஒரு நாள் முழுக்க மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தாளாம்.

விடுதி ஆற்றுக்கு அக்கரையில் இருந்தது. ஒரு சாயங்காலம் கடைவீதிக்குப் போய்விட்டுத் திரும்பப் படகு ஏறினார்கள். சின்ன மோட்டார் படகு. இரண்டு பக்கமும் நீளப் பலகை. வேறு பயணிகள் இல்லை. படகுக்காரர் வாயே திறக்கவில்லை. ஆளின் எடையைக் கண்ணாலேயே அளந்து, எங்கே உட்கார வேண்டும் என்று கையால் காட்டினார். படகு சாயாமல் போக வேண்டுமே. படகில் கிடந்த சரக்கு மூட்டைகளை வலப்பக்கம் அடுக்கி, இவர்கள் இருவரையும் இடப்பக்கம் உட்காரவைத்தார்.

டுப்... டுப்... டுப்... படகு கிளம்பியது.

நடு ஆற்றில் அக்கா குனிந்து பையில் எதையோ தேடினாள். நிமிர்ந்தால் படகு இடப்பக்கம் சாய்ந்திருந்தது. அத்தானுக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் ஒட்டி உட்கார்ந்திருந்தாள்.

பச்சை ஸ்வெட்டர். நல்ல அழகி. மூட்டைகளுக்குப் பின்னால் இருந்து வந்திருப்பாள் என்று அக்கா நினைத்தாள். இவ்வளவு நீளப் பலகையில் அவளுக்கு வேறு இடமா கிடைக்கவில்லை?

படகுக்காரர் விசில் அடித்தார். அக்காவை எதிர்ப்பலகைக்குப் போகச் சொல்லிக் கை காட்டினார். அவளை விட்டுவிட்டு என்னையா என்று அக்கா உள்ளுக்குள் பொருமினாள். விறைப்பாகப் போய் உட்கார்ந்தாள். படகு நேரானது.

"ஏன் அங்க போயிட்ட?" என்று அத்தான் கேட்டார். அக்கா அந்தப் பெண்ணையே முறைத்தாள்.

காற்று வீசியது. அக்காவின் முடி பறந்தது. அந்தப் பெண்ணின் முடி அசையவில்லை...

ஸ்வெட்டரிலிருந்து தண்ணீர் சொட்டியது. பலகை நனையவில்லை...

அவள் அத்தானின் தோளில் தலை சாய்த்தாள்.

அக்காவைப் பார்த்துச் சிரித்தாள்.

கரை வந்ததும் அக்கா முதல் ஆளாக இறங்கி விறுவிறுவென்று நடந்தாள். அறைக்குள் நுழைந்ததும் வெடித்தாள்.

"யாரு அவ?"

"எவ?"

அத்தான் திருதிருவென்று விழித்தார். படகில் நாம் இரண்டு பேர்தானே இருந்தோம் என்றார். அக்கா நம்பவில்லை. மறுநாள் விடுதி மேலாளரை மொழிபெயர்க்க இழுத்துக்கொண்டு படகுக்காரரிடமே போய்விட்டாள்.

அவர் எந்தப் பெண்ணையும் பார்க்கவில்லையாம். நடு ஆற்றில் சில நாள் படகு திடீரென்று ஒரு பக்கம் கனக்குமாம். யாரையாவது இடம் மாற்றிச் சமாளிப்பாராம். கரை வருவதற்குள் கனம் போய்விடுமாம்.

அப்புறம் இன்னும் ஏதோ சொன்னார். மேலாளர் தயங்கினார்...

"நேத்து மட்டும் அந்தக் கனம் போகலையாம். உங்க வீட்டுக்காரர் இறங்கின அப்புறம்தான் படகு லேசாச்சாம்."

போன மாதம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அத்தான் சோபாவின் நடுவில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு இடப்பக்கம் மெத்தை அமுங்கியிருந்தது. ஆள் இல்லை.

அக்காவும் பார்த்தாள். பயப்படவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு போய், அந்தப் பள்ளத்தின் மேலேயே பொத்தென்று உட்கார்ந்தாள்.

அத்தானின் வலப்பக்கம் மெத்தை மெதுவாக அமுங்கியது...