கடைசிப் பக்கம் படிக்கிறவள்

என் மனைவி இரண்டு அரசுகளில் அமைச்சராக இருந்தவள். நான் சைக்கிள் கடைக்காரன். எப்படி ஒத்துப்போனது என்று கேட்பவர்களிடம், சண்டை போட அவள் வீட்டில் இருந்தால்தானே என்பேன்.

வார்டு உறுப்பினராக ஆரம்பித்தாள். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று நகராட்சி அலுவலகத்தில் போட்ட சத்தம் அவளைச் சட்டசபை வரைக்கும் கொண்டுபோனது. பிறகு மாநிலச் சாலைத்துறை அமைச்சர். எந்தக் கோப்பு வந்தாலும் பின்னாலிருந்துதான் படிப்பாள். முன்பக்கத்தில் பொதுநலன் என்று அழகாக எழுதியிருக்கும், யார் கூரை போகிறது என்பது கடைசிப் பக்கப் பட்டியலில் இருக்கும் என்பாள். அதிகாரிகள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருப்பார்கள்.

ஒரே ஒரு நாள் படிக்கவில்லை. எனக்குக் குடலிறக்க ஆபரேஷன் முடிந்த மறுநாள். ஒரு அதிகாரி ஆஸ்பத்திரிக்கே கோப்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். வலியில் எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது.

"கையெழுத்தப் போட்டு அனுப்பு. இங்கயாவது எனக்குப் பொண்டாட்டியா இரேன்."

பேனாவை நானேதான் எடுத்து நீட்டினேன். என் முகத்தைப் பார்த்தாள், போட்டாள்.

அந்தக் கையெழுத்தின் பேரில் மூன்று வாரத்தில் சாலையை அகலப்படுத்தவென்று சந்தைத் தெருவின் நாற்பத்தொரு கடைகளுக்கு இடிப்பு நோட்டீஸ் வந்தது. எல்லோரும் விழித்துக்கொள்வதற்குள் ஒன்பது கடைகள் தரைமட்டம். அதில் ஒன்றை வைத்திருந்த தையல்காரர் என் கடைக்கு வந்து, "அக்கா படிச்சுப் பாத்துதான் போட்டாங்களா?" என்றார். நான் ஸ்பேனரைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

கட்சித் தலைவர் அவளுக்குப் போன் செய்தார். "அதிகாரி தப்புன்னு சொல்லிடும்மா. பதவி நிக்கும்."

மறுநாள் சபையில் எழுந்தாள். "படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். தவறு என்னுடையது. உத்தரவை ரத்து செய்துவிட்டேன்" என்று சொல்லி உட்கார்ந்தாள். கத்துவதற்குத் தயாராக வந்திருந்த எதிர்க்கட்சிக்காரர்கள் கையிலிருந்த குறிப்புகளை மடித்து வைத்தார்கள். பிறகு கத்தினார்கள். சாயங்காலம் பதவி போயிற்று. ஆட்டோவில் வந்து இறங்கினாள்.

"புருஷனுக்கு ஆபரேஷன், ஆஸ்பத்திரியில இருந்தேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"சொன்னா கடை போனவங்க உங்க கடை வாசல்ல வந்து நிப்பாங்க. எனக்கு இந்தப் பதவி போனா இன்னொண்ணு வரும். உங்களுக்குப் பஞ்சர் ஒட்டறதத் தவிர என்னங்க தெரியும்?"

கிண்டல்தான் செய்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்த ஒன்பது பேருக்கும் மாற்றுக் கடை வாங்கித்தர இரண்டு வருடம் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினாள். முன்பு அவளுக்காகக் காத்திருந்தவர்கள் இப்போது அவளைக் காக்கவைத்தார்கள். கடை கிடைத்த தையல்காரர்தான் அடுத்த தேர்தலில் அவளுக்காக வீடு வீடாகப் போனார். நாடாளுமன்றம் போனாள், மத்தியில் இணை அமைச்சரானாள். நான் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டுத் தலைநகருக்குப் பெட்டி கட்டினேன்.

ஒரு பக்கக் குடல் இறங்கினால் மறுபக்கம் சும்மா இருக்குமா? அங்கேயும் ஆபரேஷன், அங்கேயும் மறுநாள் கோப்போடு ஒருவர். அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"ரொம்ப வலிக்குதாங்க? இதப் போட்டு அனுப்பிட்டு வந்துடறேன்."

மேசைமேல் இருந்த பேனாவை எடுத்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். "கடைசிப் பக்கத்தப் படி."

கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். மொத்தம் ஐம்பத்திரண்டு பக்கம். வலிக்குப் போட்ட ஊசியின் வேகம் குறைந்து வலி ஏறிக்கொண்டே வந்தது. அவள் முதல் பக்கத்துக்கு வந்து சேரும்வரை நான் முனகவில்லை.