நிறுத்தினால் கிளம்பாது

பல் டாக்டருக்கு ஐம்பதை நெருங்கும் வயதில் காதல் வந்தது. அவரைவிட மூத்த ஒரு பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் மேல். கரும்பச்சை நிறம், இரண்டே சீட், பாதியில் சிக்கிக்கொள்ளும் துணிக் கூரை. வீட்டு வாசலில் வந்து நின்ற அன்றே அவர் மனைவி அதற்குச் 'சக்களத்தி' என்று பெயர் சூட்டிவிட்டார். பள்ளியில் வேதியியல் எடுப்பவர். எதற்கும் சரியான பெயர் வைப்பதில் கறாரானவர்.

ஞாயிறு காலைகளில் பேக்கரிக்குப் பின்னால் இருந்த காலி இடத்தில் பழைய கார் கிளப் கூடும். கூடுவது என்றால் வேறொன்றும் இல்லை. பானட்டைத் திறந்து வைத்துவிட்டு, காபியும் கையுமாக, வயிற்றை எக்கிக்கொண்டு அடுத்தவன் இஞ்சினைக் குறை சொல்வது.

டாக்டரின் இஞ்சினை மட்டும் யாராலும் குறை சொல்ல முடியவில்லை. யாரும் அதைக் கேட்டதே இல்லை. பேக்கரித் தெரு ஒரே இறக்கம். தெருமுனையிலிருந்து மச்சான், அதாவது மனைவியின் தம்பி, ஒரு தள்ளு தள்ளிவிடுவார். டாக்டர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, சத்தமே இல்லாமல் மிதந்து வந்து நிற்பார்.

"மெஷினா இது? பூனை மாதிரி வருதுய்யா!" என்று வாயைப் பிளப்பார் கிளப் தலைவர். டாக்டர் அடக்கமாகத் தலை குனிவார். கூட்டம் கலையும்போது, "நீங்க போங்க, நான் கொஞ்சம் ரசிச்சிட்டு வரேன்" என்பார். எல்லோரும் போனதும் மச்சான் மறுபடி தள்ளுவார், இந்த முறை வீடு வரை.

"மாமா, ஒண்ணு காரை மாத்துங்க, இல்ல மச்சானை மாத்துங்க" என்று அவர் ஒருநாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சொன்னதை டாக்டர் காதில் வாங்கவில்லை.

ஒரு ஞாயிறு தலைவரின் கார் காலை வாரியது. அவர் நேராக வந்து டாக்டரின் கதவைத் திறந்து உட்கார்ந்துவிட்டார். "என்னை வீட்ல விட்டுடுங்க டாக்டர். பூனை எப்படி ஓடுதுன்னு பார்த்திடலாம்."

டாக்டர் சாவியைத் திருப்பினார். ஒன்றுமில்லை. மீண்டும் திருப்பினார். நெற்றி வியர்த்தது. பற்களைப் பிடுங்கும்போதுகூட அவருக்கு அப்படி வியர்த்ததில்லை. அப்போது வியர்ப்பது எதிரில் இருப்பவருக்கு.

"அட, பேட்டரியா இருக்கும். தள்ளுங்கப்பா!" என்றார் தலைவர். மொத்த கிளப்பும் தள்ளியது. கார் இறக்கத்தில் உருண்டது. டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு கிளட்சை விட்டார். கார் ஒரு முறை விக்கியது, இருமியது, பிறகு தெருவே திரும்பிப் பார்க்கும்படி உறுமியது.

வாங்கியதிலிருந்து அவர் கேட்காத சத்தம். டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது.

"என் வீடு! என் வீடு போகுது!" என்று கத்தினார் தலைவர்.

"நிறுத்தினா கிளம்பாது சார்!"

தலைவரின் தொப்பி பறந்தது. மார்க்கெட்டைச் சுற்றினார்கள், ரயில்வே கேட் மூடியிருந்ததால் வந்த வழியே திரும்பினார்கள், தலைவர் வீட்டை இன்னொரு தடவை கடந்தார்கள். மாடியில் நின்ற தன் மனைவியிடம் தலைவரால், "சாப்பாட்டை எடுத்து வை!" என்று மட்டும் சொல்ல முடிந்தது. கடைசியில் பஸ் ஸ்டாண்டு வாசலில் பெட்ரோல் தீர்ந்தது.

பின்னால் வந்த பஸ் டிரைவர் எட்டிப் பார்த்தார். "அழகான வண்டி சார். ஓரமா தள்ளிட்டு ரசிங்க."

டாக்டரின் போன் போனதும் மனைவி ஆட்டோவில் பெட்ரோலோடு வந்து இறங்கினார். ஊற்றி முடித்துவிட்டு இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் தள்ளுங்க. நான் ஸ்டியரிங் பிடிக்கறேன்."

"உனக்கு இதை ஓட்டத் தெரியுமா?"

"உங்களுக்குத் தெரியுமா?"

தள்ளினார்கள். கார் உறுமியது. போயே போய்விட்டது. புறவழிச்சாலைப் பக்கம், முடி பறக்க, ஒரு கை மட்டும் மேலே தூக்கி ஆட்டிக்கொண்டு.

நெடுநேரம் கழித்து, முகமெல்லாம் புழுதியும் சிரிப்புமாக மனைவி வீடு திரும்பினார். ஞாயிற்றுக்கிழமைகளில் கிளப்புக்கு இப்போது அவர்தான் போகிறார். டாக்டர் வீட்டில் துணி உலர்த்துகிறார்.