நாலா, ஒன்பதா

புயல் ஓய்ந்த காலையில் அருங்காட்சியகத்தின் விமானக் கொட்டகை முன்னால் போய் நின்றபோது மெக்கானிக் டார்ச்சுக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. கூரை மொத்தமும் உள்ளே உட்கார்ந்திருந்தது. அதன் அடியில் இரண்டு பழைய போர் விமானங்கள், நாலும் ஒன்பதும். வாலில் எழுதிய எண்ணின் கடைசி இலக்கம்தான் அவற்றுக்குப் பெயர். இளவயதில் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்தே நாலு டார்ச்சுடையது, ஒன்பது அவருடைய சிநேகிதர் இன்ஜின்காரருடையது. விமானம் என்பது தரையில் நின்று பழுது பார்க்கிறவனுடைய சொத்து, விமானி அதை இரவல் வாங்கிக்கொண்டு போகிற ஆசாமி, பத்திரமாகத் திருப்பித் தருவது அவன் கடமை என்பது இருவருடைய கட்சி.

டார்ச் என்பது அப்பா அம்மா வைத்த பெயரல்ல. சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு டார்ச் இருக்கும். கல்யாணப் படத்தில்கூட அது துருத்திக்கொண்டு நிற்கிறது. ஒல்லியான உடம்பு. விமானத்தின் வயிற்றுக்குள் வேறு யாரும் நுழைய முடியாத மூலைக்கெல்லாம் அவர்தான் போவார். வயது ஏறியும் அந்த உடம்பு சதை போடவில்லை. சமைத்துப் போடுகிற தனக்குத்தான் கெட்ட பெயர் என்று மனைவி அலுத்துக்கொள்வாள்.

அந்த மனைவியின் அண்ணன்தான் நாலை ஓட்டியவர். முதலில் வெறும் ஆபீசர். பிறகு தங்கையைக் கொடுத்து மச்சானானார். விமானக் களத்தில் ‘சார்’, வீட்டில் ‘மச்சான்’ என்று ஏற்பாடு. ஒரு நாள் கமாண்டர் பக்கத்தில் நிற்கும்போதே, “மச்சான், பெல்ட்டை இறுக்குங்க” என்று டார்ச் வாய் தவறிச் சொல்லிவிட்டார். கமாண்டர் மறந்துவிட்டார். இன்ஜின்காரர் மறப்பாரா? பல வருஷம் அதை வைத்தே ஓட்டினார்.

விடிவதற்குள் களத்துக்குப் போய், பனியில் நனைந்த இறக்கையைத் துணியால் துடைத்து, முதல் இன்ஜின் புகை மூக்கில் ஏறக் காத்திருந்த காலம் அது. அவர் வாழ்க்கையில் நல்ல காலம் என்றால் அதுதான். கேட்டால் ஒத்துக்கொள்வார், மனைவி பக்கத்தில் இல்லாத சமயம் பார்த்து.

சண்டை முடிந்து வெகு காலத்துக்குப் பிறகு இரண்டு விமானங்களும் அருங்காட்சியகத்துக்கு வந்தன. ஓய்வு பெற்ற இருவரும் பின்னாலேயே வந்து ஒட்டிக்கொண்டார்கள். வருஷத்துக்கு ஒரு தரம் இரண்டையும் பறக்க விடுவார்கள். மச்சான் நல்ல வயதாகி, படுக்கையில் காய்ச்சல் கண்டு போய்ச் சேர்ந்தார். அதிலிருந்து ஞாயிறுதோறும் டார்ச்சின் மனைவி கொட்டகைக்கு வருவாள். ஏணியில் ஏறி, அண்ணன் முழங்கை பட்டுப் பட்டுச் சாயம் போன விமானி அறை விளிம்பில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பாள். என்ன நினைக்கிறாய் என்று டார்ச் கேட்டதேயில்லை.

இப்போது இரண்டையும் காப்பாற்ற வழியில்லை என்றாள் அருங்காட்சியக மேலாளர். இரண்டையும் பிரித்து ஒன்றாக்க வேண்டும். எதன் முதுகெலும்பு, அதாவது இறக்கையைத் தாங்கும் நடுச்சட்டம், பழுதில்லாமல் இருக்கிறதோ அது தன் எண்ணோடு மறுபடி பறக்கும். மற்றது உதிரிபாகம் கொடுத்துவிட்டு, மிச்சம் பழைய இரும்போடு போகும். பார்த்துச் சொல்ல வேண்டியது டார்ச்.

வெளிப்பார்வைக்குச் சந்தேகமே இல்லை. ஒன்பது அப்பளமாய் நொறுங்கிக் கிடந்தது. நாலுக்கு இறக்கை நுனியும் வாலும்தான் சேதம். இன்ஜின்காரர் முகம் தொங்கிப்போனது. டார்ச்சின் மனைவியோ அன்றைக்கே சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டு, அண்ணன் பிளேன் பிழைத்துவிட்டது என்று சொல்லி முடித்துவிட்டாள்.

டார்ச் முதலில் ஒன்பதுக்குள் நுழைந்து பார்த்தார். மேலெல்லாம் அலங்கோலம், முதுகெலும்பில் ஒரு கீறல் இல்லை. அப்புறம் நாலுக்குள் போனார். இறக்கை உடம்போடு சேரும் இடத்தில் சிவப்புச் சாயம் தடவி, நன்றாகத் துடைத்து, வெள்ளைப் பொடி தூவினார். விரிசல் இருந்தால் உள்ளே ஒளிந்த சாயம் பொடியில் ஊறி வெளியே வரும். வந்தது. போல்ட் துளையிலிருந்து நகத்தளவுக்கு மெல்லிய சிவப்புக் கோடு.

துடைத்துவிட்டு மறுபடி செய்தார். கோடு வந்தது. பொடிதான் கெட்டுப்போயிருக்கும் என்று பொடியின் மேல் பழியைப் போட்டுப் புது டப்பாவைப் பிரித்தார். இன்னும் சீக்கிரமாக வந்தது. அந்தத் துண்டை வார்த்துக் கொடுக்க இன்று உலகத்தில் ஆள் கிடையாது. அந்த மூலைக்குள் தன்னைத் தவிர யாரும் வரப்போவதும் கிடையாது. கோட்டைத் துணியால் அழித்தார்.

வெளியே இன்ஜின்காரர், உள்ளேயே தூங்கிவிட்டாயா என்று கேட்டார். இன்னும் பார்த்து முடிக்கவில்லை என்று மழுப்பிவிட்டு டார்ச் வீட்டுக்குப் போனார். இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. மனைவி கேட்டதற்கெல்லாம் பிடி கொடுக்காமல் பேசினார். மூன்றாம் நாள் நேராக மேலாளரிடம் போய் உள்ளதைச் சொன்னார். பக்கத்தில் நின்ற இன்ஜின்காரர் சந்தோஷப்பட்டிருக்கலாம்; அவருக்கு அதற்கும் மனசு வரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மேலாளரிடம் சொல்வது ஒரு பெரிய காரியமா? வீட்டில் சொல்ல வேண்டுமே! இன்றைக்கு நாளைக்கு என்று டார்ச் தள்ளிப்போட்டார். அதற்குள் ஞாயிறு வந்துவிட்டது. மனைவி கொட்டகைக்குள் வந்தபோது நாலின் வால் கழற்றி வைக்கப்பட்டிருந்தது. அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

“நான்தான் இது ஆகாதுன்னு சொன்னேன்” என்றார். “உள்ள விரிசல் இருக்கு. நான் வாயத் தொறக்காம இருந்திருந்தா ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது.”

அவள் ஏணியில் ஏறினாள். வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றாள். டார்ச் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு, தண்டனைக்குக் காத்திருப்பவர் மாதிரி நின்றார். இறங்கி வந்ததும் சேலையைச் சரி செய்துகொண்டு கேட்டாள்.

“நம்ம கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு நாள், அண்ணன் ஏறி உக்காந்தப்புறம் நீங்க எறங்கச் சொன்னீங்களாமே?”

சொன்னது உண்மை. மற்ற விமானங்களெல்லாம் கிளம்பிவிட்டன. கமாண்டர் கத்துகிறார். இன்ஜின் சத்தத்தில் ஏதோ பிசகு என்று டார்ச் விமானத்தை மறித்துக்கொண்டு நின்றார். பயந்தாங்கொள்ளி என்று, அப்போது வெறும் ஆபீசராக இருந்த மச்சான் அத்தனை பேர் முன்னாலும் திட்டினார்.

“அன்னைக்கு வீட்டுக்கு வந்தும் உங்களத் திட்டிக்கிட்டே இருந்தாரு. சாப்பிடல. மறுநாள் நீங்க உள்ள என்ன கழண்டு கெடந்துச்சுன்னு காட்டினீங்களாம். அன்னைக்கு ராத்திரிதான் அம்மாகிட்ட சொன்னாரு, இவள அவனுக்கே குடுத்துரலாம்னு. வேற எதையும் விசாரிக்கல.”

இத்தனை வருஷத்தில் இதை அவள் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

“ஒன்பத யாரு ஓட்டப்போறா?” என்று கேட்டாள்.

யாரோ ஒரு பொண்ணு, புதுசா வந்திருக்கு என்றார்.

“அதுக்கும் வீட்ல யாராவது காத்துக்கிட்டு இருப்பாங்க. நல்லாப் பாத்து அனுப்புங்க.”