பெருக்காத வீடு

கொரோனா நேரத்தில் சிங்கப்பூருக்கு நர்ஸ் வேலைக்குக் கிளம்பினேன். "ஊரே வீட்டுக்குத் திரும்புது, நீ எங்கடி போற?" என்று தாய்மாமா உறையூர்த் தெருவே கேட்கக் கத்தினார். அம்மா வாயே திறக்கவில்லை. அவளுக்கும் பிடிக்கவில்லை என்ற கோபத்தோடுதான் விமானம் ஏறினேன்.

இறங்கியதும் ஓட்டல் அறையில் தனிமைப்படுத்தினார்கள். ஒருநாள் வீடியோவில் அம்மாவுக்குப் பின்னால் எங்கள் கூடம் தெரிந்தது. எங்கும் தூசி. கிளம்பிய அன்று என் தலையிலிருந்து உதிர்ந்த கனகாம்பரம்கூடச் சருகாகிக் கிடந்தது.

"உடம்பு முடியலையாம்மா?"

"நல்லாத்தான் இருக்கேன். ஊருக்குப் போனவங்க போய்ச் சேர்ற வரைக்கும் வீட்டைப் பெருக்கக் கூடாதுல்ல?"

"அதான் சேர்ந்துட்டேனே!"

"ரூம்ல அடைச்சு வச்சா சேர்ந்ததா ஆயிடுமா? நீ வேலைக்குப் போற அன்னிக்குத்தான் துடைப்பத்தைத் தொடுவேன்."

பக்கத்திலிருந்த மாமா, "வீடா இது? அவளைத் திரும்பி வரச் சொல்லு" என்றார்.

"தூசி ஒத்துக்கலைன்னா உங்க வீட்டுக்குப் போங்கண்ணே. எம்பொண்ணு வரமாட்டா."

வேலையில் சேர்ந்த அன்று சீருடையோடு அழைத்தேன். அம்மா போனைச் சுவரில் சாய்த்து வைத்தாள், முந்தானையை இடுப்பில் செருகினாள், கூடத்தைப் பெருக்க ஆரம்பித்தாள்.

இன்றும் யாராவது "உனக்கு எதுக்கு இது?" என்றால், எனக்கு அந்தத் துடைப்பச் சத்தம்தான் கேட்கிறது. கிளம்பிவிடுகிறேன்.